இழுவை போன வான்

12 ஒக்ரோபர் 2009, திங்கள்

ராசா, இன்று விடியவே மழை. இடியப்பம், சம்பல், சொதி எல்லாம் எங்கள் பழைய டீசல் வானில் ஏற்றி இல்ஃபோர்டிலிருந்து புறப்படும்போது ஒரு குறையும் இல்லை. நோர்த் சேர்குலர் றோட்டில் ஏறும் மேட்டில் திடீரென்று இழுவை போய்விட்டது. மிதிக்க மிதிக்க வான் சோர்ந்துகொண்டே போனது. என்ஜின் நிற்கவில்லை. ஆனால் பின்னால் ஒரே கரும்புகை. லொறிக்காரன் ஒருவன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு மாதிரி ஓரம் கட்டி அணைத்தேன். “இஞ்சருங்கோ, ஒருக்கா இறங்கிப் பாருங்கோ” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. அடுத்த மேட்டில் மறுபடியும் அதே கதை.

பிந்திப் போய்ச் சேர்ந்ததற்கு ஈஸ்ட்ஹாம் கடைக்காரர்: “அக்கா, சனம் வேலைக்குப் போனாப் பிறகு உந்த இடியப்பத்தை நான் மாலையாக் கட்டிக் கழுத்தில போடுறதோ?” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

13, செவ்வாய்

மழை இல்லை. குளிர். தம்பி வேலை முடிந்து வந்தான்.

“உது அத்தானோடயே போயிருக்க வேண்டிய வான் அக்கா.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை தலை நிமிரவில்லை. பழைய இரும்புக்கு எடுக்கிற ஆட்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டானாம். சனிக்கிழமை வந்து கட்டி இழுத்துப் போவார்களாம்.

“கராச்சில திருத்தக் காட்டாமல் குடுக்க மாட்டன்.”

“சரி. வெள்ளிக்குள்ள திருந்தாட்டி? றோட்டு நடுவில நிண்டு உங்களை யாரும் அடிச்சுப்போட்டுப் போனால்?”

தலையாட்டினேன். அவன் பயத்தில்தான் சொல்கிறான். ஆனால் அந்த வானில் உங்கள் வாசம் இன்னும் இருக்கிறது. பீடியும் டீசலும். வீட்டில் அது எப்போதோ போய்விட்டது.

14, புதன்

செல்வம் அண்ணையின் கராச். நீங்கள் எப்போதும் போகிற அதே பாலத்துக்குக் கீழ்தான். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்து வைத்தார். வானைச் சுற்றி வந்தார். “பென்சன் எடுக்கிற வயசில இதை இன்னும் வேலைக்கு அனுப்பிறியளே தங்கச்சி!”

டீசல் பில்டர் மாற்றினார். காற்று பில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்தார், துப்புரவாக இருந்ததாம். “இனி ஓடும், கொண்டு போங்கோ.”

மேட்டில் ஓடவில்லை.

வாங்க வேண்டியவை: தேங்காய், பச்சைமிளகாய், சிவப்பரிசி மா, சவர்க்காரம்.

கால் உளைவு. சாப்பிட மனம் வரவில்லை.

15, வியாழன்

திரும்பவும் கராச். செல்வம் அண்ணைக்கு முகம் சரியில்லை. என்ஜினுக்குக் காற்றுத் தள்ளுகிற டேர்போ போயிருக்கலாமாம். “அதுதான் எண்டால் செலவழிக்காதேங்கோ தங்கச்சி. தம்பி சொல்லுற மாதிரிக் குடுத்திடுங்கோ.”

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது.

வெளிக்கிடும்போது, நிறுத்தி அணைத்தால் உடனே சரியாகிவிடுகிறதே அண்ணை, ஏன் என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். “ஓம் என்ன... பழுதான சாமான் நிண்டு இளைப்பாறினாப்போல திருந்தாதே. நான் இவ்வளவும் என்ஜினை அணைச்சுப்போட்டுத்தானே பாத்தன். நாளைக்கு ஓடவிட்டுப் பாப்பம். காலமை வாங்கோ.”

16, வெள்ளி

வெயில். செல்வம் அண்ணை வானின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு என்னை ஏறி இருக்கச் சொன்னார். அவர் ரோர்ச் லைட்டோடு முன்னால்.

“மிதியுங்கோ. இன்னும். பயப்பிடாதேங்கோ, பறக்காது!”

மிதித்தேன். இரைந்துகொண்டு வந்த என்ஜினுக்குத் தொண்டை அடைத்தது. புகை.

“விடாதேங்கோ, அப்பிடியே பிடியுங்கோ... ஆ, கண்டிட்டன்! ஆளைக் கண்டிட்டன்!”

இறங்கிப் போய்ப் பார்த்தேன். என்ஜின் காற்றை இழுக்கிற குழாயின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு துணி தொங்கியது. பலமாக மிதித்தால் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது, வாய் அடைபட்டுப் போகிறது. அணைத்தால் துணி தானாகக் கீழே விழுந்துவிடுகிறது. “மூச்சுவிடாமல் பொத்திக்கொண்டெல்லோ இருந்திருக்கு. நானும் டேர்போ எண்டு சொல்லி...” என்று பெரிதாகச் சிரித்தார். ரோர்ச்சைக் கிட்டப் பிடித்ததும் சிரிப்பு நின்றது.

மஞ்சள் துணி. புகை படிந்து கறுத்திருந்தது. நடுவில் ஒரு முடிச்சு.

“நேர்த்திக்கடனுக்குத் துணியில முடிஞ்ச காசு போல கிடக்கு. நீங்களே எடுங்கோ தங்கச்சி. என்ர கையெல்லாம் என்ஜின் ஒயில்.”

கம்பியில் நூலால் கட்டியிருந்தது. நூல் இற்று ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. முடிச்சுக்குள் ஒரு பவுண் குத்திக் காசு. இடியப்பப் பெட்டிக்குப் போடுகிற அதே இரட்டை முடிச்சு, உங்களுடையது.

“ஏப்பிரலில பற்றறி மாத்தினன். அப்ப உது இல்லை.” அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூனில் மாரடைப்பில் நீங்கள் போனீர்கள். அதற்கிடையில்தான் கட்டியிருக்கிறீர்கள். நான் ஒருநாளும் திறந்து பார்க்காத இடத்தில்.

வரும்போது மேட்டில் வான் இழுத்துக்கொண்டு ஏறியது. தம்பிக்கு போன் எடுத்துச் சொன்னேன். “அப்ப, நாளைக்கு அவையளை வரவேண்டாம் எண்டு சொல்லுறன்.”

17, சனி

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய காரியம்.

துணியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். தம்பி எட்டிப் பார்த்தான். “ஏதாவது ஒரு கோயில் உண்டியல்ல போடுங்கோ அக்கா. சாமிக்குத் தெரியும் தானே.” சாமிக்குத் தெரியும். எனக்கல்லவா தெரியவில்லை.

மே மாதம் உங்கள் அண்ணை வன்னிக்குள் யுத்தத்தில் அகப்பட்டிருந்தார். உயிரோடு வெளியே வந்து இப்போது முகாமில் இருக்கிறார். அந்த மாதம்தான் என் மார்புக் கட்டியைச் சோதித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அவருக்காகவோ எனக்காகவோ என்றால், கேட்டது கிடைத்திருக்கிறது. நேர்த்தியைச் செலுத்த வேண்டும்.

ஆனால் அப்போதே உங்களுக்கு நெஞ்சு நொந்துகொண்டிருந்ததா? சொல்லாமல் வைத்திருந்தீர்களா? உங்களுக்காக என்றால் செலுத்த ஒன்றுமே இல்லை.

இங்கே ஈலிங் அம்மனுக்கா, ஊரில் சந்நிதி முருகனுக்கா, அதுவும் தெரியாது.

யாருக்காக முடிஞ்சனீங்கள் ராசா?