நேரம் கூடி வர வேண்டும்

கலஹா
03.03.2024

அன்பு நண்பன் செல்லப்பாவுக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே மழை இல்லை, தேயிலைக் கொழுந்தும் குறைவு என்கிறார்கள். பேராதனை பஸ் முன்போல ஓடுவதில்லை. நேரில் வராததற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், அதுவும் ஒரு காரணம்.

உன் மகள் சஞ்சீவனியை எங்கள் மகன் கிருஷாந்தனுக்குத் தருவதாகச் சொன்னாய். நான் கொடுத்துவைத்தவன். நம் கண்முன்னே வளர்ந்த பிள்ளை, அவளைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் காலம் முன்போல இல்லை. ஜாதகத்தையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் ஒரு தரம் பார்க்க வேண்டும். எதற்கும் நேரம் கூடி வர வேண்டும் என்பது உனக்குத் தெரியாததல்ல.

என்றும் அன்புடன்,
மோகனராஜ்


கட்டுகஸ்தோட்டை
10.03.2024

அன்புள்ள மோகனராஜ்,

உன் கடிதத்தில் மழை, கொழுந்து, பஸ் எல்லாம் வந்து சேர்ந்தன. பதில் மட்டும் வழியில் எங்கோ இறங்கிவிட்டது. கந்தோரில் கிளார்க்காக இருந்தபோது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கேட்டு மூன்று பக்கம் எழுதியவனல்லவா நீ. என் புடவைக்கடைத் திறப்புக்குக் கூப்பிட்டபோதும் இப்படித்தான் நீட்டி முழக்கினாய். பிறகு எனக்கு முன்னமே வந்து நின்றாய்.

சஞ்சீவனி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “அப்பா, அவங்க இல்லைன்னுதான் சொல்றாங்க” என்றாள். “ஒனக்கு அவனத் தெரியாது. அவன் சரின்னு சொல்றதே இப்படித்தான்” என்றேன்.

மாத்தளையில் ஓர் ஆசிரியருக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. எனக்கு உன் சம்பந்தம்தான் பெரிது. நேற்று அவர்களிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். ஆவணியில் வைத்துக்கொள்வோமா?

உன்,
செல்லப்பா


கலஹா
02.04.2024

அன்பு நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆவணி நல்ல மாதம்தான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது. கிருஷாந்தனுக்கு வேலையில் இடமாற்றம் வரும்போலவும் இருக்கிறது, வராமலும் போகலாம். மாத்தளைக்காரர்களிடம் அவ்வளவு அவசரமாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்றும் ஒரு யோசனை. மற்றவை பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
மோகனராஜ்


கட்டுகஸ்தோட்டை
20.05.2024

மோகனராஜ்,

நேற்று கண்டி பஸ் நிலையத்தில் உன் மகனைக் கண்டேன். பக்கத்தில் ஒரு பெண். “இவங்கதான் என் வைஃப், மாமா. பெப்ரவரியிலேயே ரெஜிஸ்டர் பண்ணிட்டோம். அப்பா சொல்லலையா?” என்றான்.

முதல் கடிதம் எழுதும்போதே உனக்கு இது தெரியுமா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. பூசி மெழுகாதே.

செல்லப்பா


கலஹா
27.05.2024

செல்லப்பா,

ஆம். தெரியும்.

உன் முகத்துக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. ஜாதகம் பார்க்க வேண்டும் என்று எழுதினால் யாருக்கும் அதன் அர்த்தம் விளங்கும். நீயும் விளங்கிக்கொண்டு பேசாமல் விட்டுவிடுவாய், நம் நட்பு கெடாது என்று நினைத்தேன். மன்னித்துவிடு.

மோகனராஜ்


கட்டுகஸ்தோட்டை
09.06.2024

மோகனராஜ்,

வளவளவென்று பேசுகிறவனிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. மழுப்புகிறவனிடம் மறைப்பதற்கு ஒன்று இருக்கும். இத்தனை வருடமாக உன்னை வளவளக்காரன் என்றே நினைத்துப் பழகிவிட்டேன். சஞ்சீவனிக்கு ஒரே கடிதத்தில் விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

போன ஞாயிறு மாத்தளைக்குப் போனேன். பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. தேநீர் தந்து, அதை நேராகவே சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சஞ்சீவனியிடம் சொல்வதற்காக உட்கார்ந்தேன். பஸ்ஸில் கூட்டம், அங்கே என்ன வெயில், அவர்கள் வீட்டுக்குப் புதிதாக இரும்புக் கேற் போட்டிருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் பேசினேன். அவள் “விளங்குதுப்பா” என்றுவிட்டு எழுந்து போனாள்.

உன்மேல் உள்ள கோபத்தைவிட என்மேல் உள்ள கோபம் அதிகம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

செல்லப்பா