தொடையை அறுக்காத எலாஸ்டிக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் காற்றிலும் குளிரிலும் பாலத்து மேல் ஏறி இறங்கும் வேலையில் கை கால் பத்திரமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ போனில் மாமாவுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் இப்படி ஆனது என்று கேட்டாய், அம்மா பதில் சொல்லாமல் போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள், நானும் சிறுநீரகம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் அது மட்டுமே இல்லை. போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். லீவு தராததால் கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க முடியவில்லையே என்று நீ உன்னையே கடிந்துகொள்ளாதே, இங்கே யாரும் அதைக் குறையாகப் பேசவில்லை.

அம்மாவின் காப்புரிமை மேல்முறையீட்டோடு சேர்ந்ததுதான் இது, அந்த விஷயம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதனால் முதலிலிருந்தே வருகிறேன். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து நம் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டபோது நீ இருந்தாய். விளையாட்டு வாத்தியாராக இருந்து, விசில் ஊதியே ஒரு பள்ளிக்கூடத்தை ஓட வைத்த மனுஷன், விசில் மாமா என்றால் தெரு முழுக்கத் தெரியும், அவருக்கு டயப்பர் கட்டும்படி ஆனது. கடையில் விற்பதன் விளிம்பில் எலாஸ்டிக் நூல் ஓடும், அதுதான் ஒழுகாமல் பிடிக்கும், அதுவேதான் தொடை இடுக்கில் கோடு போட்டு அறுக்கும். ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாததால் அறுப்பது மாமாவுக்கே தெரியவில்லை, புண் வந்த பிறகுதான் அம்மா பார்த்தாள். டயப்பர் கம்பெனியிலேயே தரம் பார்க்கும் பிரிவுக்குத் தலைவியாக இருந்துகொண்டு, சொந்த அண்ணனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நூலே வேண்டாம் என்று முடிவு செய்தாள். அதற்குப் பதில் ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு மெல்லிய படலம், அதை இழுத்துப் பிடித்து மேலும் கீழும் துணி போன்ற தாளில் புள்ளி புள்ளியாக ஒட்டுவது. புள்ளிகள் உள்பக்கம் நெருக்கம், விளிம்புக்கு வர வர இடைவெளி. அதனால் இழுப்பு உள்ளே பலமாக இருந்து ஓரத்துக்கு வரும்போது இல்லாமலே போய்விடும், எந்த ஒரு இடத்திலும் கோடு விழாது. சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் கம்பெனியின் பழைய ஒட்டு மெஷினோடு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன், சட்டைக் கையெல்லாம் பசை. மாமாவுக்கு அதைப் போட ஆரம்பித்த பிறகு புண் மெதுவாக ஆறியது. முதலாளிக்கும் சந்தோஷம், காப்புரிமை வாங்கிவிடலாம் என்று கம்பெனி பேரில் மனு போட்டார், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். படங்களை நான்தான் வரைந்தேன். வாழ்க்கை முழுக்கப் பிள்ளைகளுக்குக் குதிரையும் பூவும் வரையச் சொல்லிக்கொடுத்தவன் கடைசியில் டயப்பரின் தொடை ஓரத்தை எட்டுக் கோணத்தில் வரைந்ததைப் பார்த்து மாமா வாய் கோணலோடு சிரித்தார்.

காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. படலத்தைப் புள்ளியாக ஒட்டுவது பற்றி ஏற்கெனவே ஒருவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார், இழுப்பு படிப்படியாகக் குறைவது பற்றி காலில் சுற்றும் கட்டுத்துணிக்காக இன்னொருவர் வாங்கியிருக்கிறார், இதையும் அதையும் சேர்த்தால் இதுதான், இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் இது தோன்றியிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அம்மா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, “யாருக்கும் தோணுமாம், தோணுச்சுன்னா இத்தனை வருஷம் எதுக்கு எல்லாரும் தொடையை அறுத்துக்கிட்டு இருந்தாங்க” என்று கேட்டாள். கம்பெனி அமர்த்திய வக்கீலம்மா, நல்ல கெட்டிக்காரி, உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், அதே கேள்வியைத்தான் மேல்முறையீட்டில் வைக்கப்போவதாகச் சொன்னாள். ஆனால் வெறும் கேள்வி போதாது, இரண்டையும் சேர்த்ததால் யாரும் எதிர்பார்க்காத ஒரு பலன் வந்தது என்று காட்ட வேண்டும், அதற்கு மாமாவின் புண்ணைப் படம் எடுத்து வைத்திருப்பதுதான் இருக்கிற ஒரே சாட்சி என்றாள். வைத்தியருக்குக் காட்ட அம்மா அவ்வப்போது எடுத்தவை அவை. அம்மாவுக்கு மனசு வரவில்லை. மாமாதான், “காட்டு. என்கிட்ட மறைக்க இனிமே என்ன இருக்கு” என்று குழறலோடு சொன்னார். சொன்னதோடு விடாமல் தானும் வருவேன் என்று அடம் பிடித்தார்.

விசாரணை நடந்த அறை பெரிய மண்டபமெல்லாம் இல்லை, ஜன்னல் திறக்காத ஒரு நீள அறை, மேடை மாதிரி உயரத்தில் மூன்று பேர், சுவரில் ஒரு திரை. பின்வரிசையில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் வேறு வந்து உட்கார்ந்திருந்தார்கள், அதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மாமாவின் சக்கர நாற்காலியை முன்வரிசை ஓரத்தில் நிறுத்தினேன். வக்கீலம்மா படங்களைப் போட்டாள். சுவர் அளவுக்குப் பெரிதாக, சிவந்து தோல் உரிந்த தொடை. முகம் இல்லைதான், ஆனால் அறையில் சக்கர நாற்காலியில் இருந்தவர் ஒரே ஒருவர். பின்னாலிருந்த பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராக அவரைப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர் மரியாதையான ஆள், குரலைத் தாழ்த்தி, “இவங்கதானா அவங்க” என்று கேட்டார். வக்கீலம்மா பதில் சொல்வதற்குள் மாமா நல்ல கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்தும்போது தூக்குவாரே அதே மாதிரி. சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புதான். அப்புறம் அலுவலகத்துக்காகப் பேசியவர் எழுந்து அம்மாவிடம், அந்த நாட்களில் புண்ணுக்குக் களிம்பும் போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்றாள். “அப்ப ஆறினது களிம்பாலயா, எலாஸ்டிக்காலயா, எப்படிப் பிரிச்சுச் சொல்வீங்க?” அம்மா கொஞ்சம் யோசித்தாள். எலாஸ்டிக்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள், “பிரிச்சுச் சொல்ல முடியாது. புண்ணை வச்சுக்கிட்டு களிம்பு போடாம பரிசோதனை பண்ண அவர் எனக்கு எலி இல்ல, அண்ணன்” என்றாள். நடுவில் இருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே குறிப்பெழுதினார். அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஆனால் வக்கீலம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, பாதி விசாரணையிலேயே அவருக்கு மாற்ற வேண்டியிருந்திருக்கிறது, வாயைத் திறக்காமல் ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

தீர்ப்பு மழைக்காலத்தில் வந்தது. மறுத்தது சரியே, மனு தள்ளுபடி. ஒரே ஒரு பயனாளர், ஒப்பிட வேறு யாரும் இல்லை, கூடவே மருந்தும் உபயோகித்ததாக அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், ஆகவே படங்களுக்கு மதிப்பளிக்க இயலாது என்று நல்ல மொழியில், கோபமே இல்லாமல் எழுதியிருந்தார்கள். அந்தக் கோபமில்லாமைதான் அம்மாவை உடைத்தது என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. கம்பெனியில் சாம்பிள் செய்வதை நிறுத்திவிட்டாள், முதலாளியும் இனி அதில் காசு போட முடியாது என்று கையை விரித்துவிட்டார். மிச்சமிருந்தவை தீர்ந்ததும் மாமாவுக்குப் பழையபடி கடைச் சரக்கு. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் அம்மா அந்த விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள், மாமா மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்தும் ரேடியோ மட்டும்தான் பேசியது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்கு மாற்றும் வேலை குறைந்துகொண்டே வந்தது. நான் மடையன், உடம்பு தேறி கட்டுப்பாடு வருகிறது போல என்று அம்மாவிடம் வேறு சொன்னேன். அவர் கட்டிலை ஒட்டிய ஜன்னலோரம் இருந்த பூந்தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஈரமாக இருப்பதைப் பார்த்து, யார் இப்படி ஊற்றுவது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகுதான் புரிந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் நாங்கள் வைக்கும் டம்ளர் தண்ணீரை, மோரை, கஞ்சித் தெளிவைக்கூட, அந்த நல்ல கையால் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரில் கிருமி ஏறி சிறுநீரகம் இரண்டும் சோர்ந்துவிட்டன என்றார் டாக்டர். கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு மத்தியானம் அம்மா அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “எதுக்குண்ணே இப்படிப் பண்ணே” என்று கேட்டாள். அவர் வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னார், “நனைஞ்சா... நீ அதைப் பாக்கணும். பாத்தா... உனக்கு அந்தத் தீர்ப்பு ஞாபகம் வரும்.” பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்ளே, அவ மூஞ்சியப் பாக்க முடியல” என்றார். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். ஒரு ஆம்பளை என்ன செய்ய முடியும், வராந்தாவுக்குத்தான் போக முடியும்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன். வார்டில் டயப்பர் மாற்றுவது நர்சுகள்தான், ஒரு நாள் ஆள் பற்றாமல் அம்மாவும் கூட நின்று மாற்றினாள். பழக்க தோஷம், ஓரத்தை விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நூல் இல்லை. படலம், புள்ளிகள், உள்ளே நெருக்கம், ஓரத்தில் இடைவெளி. உறையில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர். மனு போட்டால் சில காலம் கழித்து அலுவலகம் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிடும், நான் வரைந்த படங்களோடு சேர்த்து, அதைப் பார்த்துச் செய்தார்களா அல்லது அவர்களுக்கும் தானாகவே தோன்றியதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். உரிமை யாருக்கும் இல்லை என்று தீர்ப்பாகிவிட்டதால் இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம். அம்மா நர்சிடம், இது எப்போதிலிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண் வேலையிலிருந்து தலை தூக்காமலே, “இந்த வருஷந்தான் மேடம். இது வந்தப்புறம் வார்டுல தொடைப்புண்ணே பாதியாக் கொறைஞ்சிடுச்சு” என்றாள். கேட்டாயா பாப்பா, அந்த நீள அறையில் எங்களிடம் இல்லாமல் போன சாட்சி அதுதான். அம்மா ஓரத்தைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, மாமாவின் போர்வையைச் சரிசெய்தாள். அந்த வாரக் கடைசியில் மாமா போய்விட்டார். விடிந்து டாக்டர் வரும் நேரம், அம்மாவின் கையைப் பிடித்தபடிதான். முகத்தில் வலி தெரியவில்லை, அது சத்தியம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு வக்கீலம்மா வீட்டுக்கே வந்தாள். நர்ஸ் சொன்னதை நான் அவளிடம் உளறியிருந்தேன். இன்னும் மேலே உயர் நீதிமன்றம் இருக்கிறது, கெடு முடியவில்லை, பெரிய கம்பெனி அதையே செய்கிறது என்பதே நம் பக்கம் பேசும், புதுச் சாட்சியை ஏற்பார்களா என்பது சந்தேகம்தான், ஆனாலும் முயலலாம், மாமாவின் படங்களையும் மறுபடி வைக்கலாம், முதலாளியிடம் தான் பேசுகிறேன் என்றாள். படங்கள் என்றதும் அம்மா நிமிர்ந்தாள். “அவரை இன்னொரு தடவை சுவத்துல மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன்” என்றாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கெடு முடியும் நாளன்று நான் பொறுக்க முடியாமல் அடுக்களைக்குப் போய், ஒரு தடவை யோசித்துப் பாரேன் என்றேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “போகட்டும் விடுங்க” என்றாள். போய்விட்டது.

எனக்கு இன்னும் ஆறவில்லை, உனக்கு உண்மையைச் சொல்வதற்கென்ன. தெருவில் மருந்துக்கடை வாசலில் அந்த உறைகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடக்கிறேன். யாருக்கும் தோன்றியிருக்கும் என்பதைச் சரியென்று எழுதிய அந்த மூன்று பேர் மேல் கோபப்படப் பார்க்கிறேன், அதுவும் வரமாட்டேன் என்கிறது, அவர்கள் முன்னால் வைத்ததை வைத்துத்தானே சொன்னார்கள். தொட்டியில் கவிழ்த்த தண்ணீரை நாங்கள் அன்றே கவனித்திருந்தால் என்பதில்தான் மனசு போய்ப் போய் முட்டுகிறது. அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆனால் அந்தத் தொட்டியை எடுத்துப் பின்பக்கம் வைத்துவிட்டாள். கட்டிலை மட்டும் இன்னும் பிரிக்கவில்லை.

இன்னொரு சேதி. முதலாளி போன வாரம் வந்து, உரிமை யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது, பெரிய கம்பெனி செய்கிறதென்றால் நாமும் செய்யாமல் இருந்தால் கடையை மூட வேண்டியதுதான், நீங்கள்தான் வந்து மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் அவரை வெளியே போகச் சொல்லலாமா என்று இருந்தேன். அம்மா இந்தத் திங்கட்கிழமையிலிருந்து போகிறாள். காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை மாட்டாமல் ஏறாதே, செய்கிற வேலையில் நல்ல பெயரும் நிறைந்த ஆயுளும் உனக்கு அமையட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேள், ஒட்டு சரியாக விழுகிறதா என்று கேள். அதற்குப் பதில் சொல்வாள். சொல்லிக்கொண்டே இருக்கட்டும், நீ குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

என்றும் உன் நினைவில்,
அப்பா