ராகிக்கல் நின்றபோது

அக்கா,

சூளகிரி மாவு மில்லில் காத்து நிற்கிறேன். சூடான ராகி மாவின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து கண்ணைக் கரித்துவிட்டது. நாம் கையால் சுற்றி அரைத்த ராகிக்கல்லை நினைத்து நான் ஏங்கவில்லை. என் தோள்பட்டையை வாங்கியதே அதுதான். ஆனால் அந்தச் சத்தம் இல்லையென்றால் நான் ஒரு கதைகூட எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். நீ ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரி. தமிழ் பேசுவாய், படிக்க வராது. நான் எழுதியதை உனக்கு வாய்விட்டுத்தான் படித்துக் காட்ட வேண்டும். மாமனாருக்கோ நான் எழுதுவதே ஆகாது. "இன்னொரு தடவ காயிதத்தோட பாத்தேன், அத அடுப்புல போட்டுட்டு உன்ன உங்கம்மா வூட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர்.

அதனால் அரைக்கும்போது படித்தோம். கல்லுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, பிடி ஒன்று. அரைக்கிற பெண்கள் பாடுவது வழக்கம்தானே, யாரும் காது கொடுக்க மாட்டார்கள். வாக்கியம் நீண்டு எனக்கு மூச்சு முட்டினால் கை இடறும். "தாளு, தாளு" என்று உங்கள் ஊர்ப் பேச்சில் நிறுத்துவாய். "இங்க கல்லு மாட்டுது பாரு, வெட்டு." எனக்கு எரிச்சலாக வரும். வாக்கியத்தை வெட்டிப் படித்தால் கல் ஓடும்.

அன்று மாமா கிருஷ்ணகிரி சந்தைக்குப் போய்விட்டார் என்று நம்பினோம். புருஷன் துரத்திய பெண் கைக்குழந்தையோடு அப்பன் வாசலில் வந்து நிற்கிற கதை. 'உள்ளே விளக்கு எரிந்தது, அப்பா இருமினார், அவள் கூப்பிடவில்லை' என்று படித்தேன். உன் கை நின்றுவிட்டது, நீ அழுதாய். பாவி நான், அதைக் கவனிக்காமல் படித்துக்கொண்டே போனேன். சத்தமில்லாத வீட்டில் என் குரல் மட்டும்.

"யாரு அது பேசறது?"

மாமா! காகிதத்தைப் புடவைக்குள் திணித்தேன். நீயோ கல்லை வேகமாகச் சுழற்றி, அதே வரிகளைப் பாட்டாக எடுத்துவிட்டாய். ஒரு சொல் பிசகவில்லை.

"ஏது இந்தப் பாட்டு?"

"எங்க ஊர்ப் பாட்டு மாமா."

"ஆனேக்கல்ல எப்பலேர்ந்து தமிழ்ல பாடறாங்க?"

மாமா நகரவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார், "அப்பன் எழுந்து வந்தானா?"

"இன்னும் எழுதல மாமா."

வாய் தவறி வந்துவிட்டது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து சோறு போடச் சொன்னார், அவ்வளவுதான். நான் காகிதத்தோடு உட்கார்ந்தாலும் அம்மா வீட்டுப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை.

கதை அச்சாவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. என் பழியை உன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தாயே, வேறு யார் செய்வார்கள்? மனசு ஆறவில்லை அக்கா.

பத்திரிகை வந்த அன்று மாமாவே அதை என்னிடம் நீட்டி, "சத்தமாப் படி" என்றார். படித்தேன். அப்பன் எழுந்து வருகிற இடத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டேன். நீ போன பிறகு எழுதிய வரி அது. இப்போதும் எப்போது படித்தாலும் அங்கேதான் நிற்கிறேன். எங்கே வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.