இது எந்தக் கடைத் தையல்?

என் செல்லத் தங்கச்சி அமுதாவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. உன்னைத் திட்டாமல் ஒரு கடிதம் எழுத முடிகிறதா என்று பார்த்தேன், முடியவில்லை. பாவி, என்னை இப்படித் தனியாக மாட்டிவிட்டுப் போய்விட்டாயே.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா இன்னும் உன் தட்டையும் சேர்த்துத்தான் கழுவி வைக்கிறாள். அப்பா வேலைக்குப் போவதில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். உன் மல்யுத்த மாஸ்டரை ஜெயிலில் தள்ளாமல் விடமாட்டேன் என்று நிற்கிறார். கருவடிக்குப்பத்தில் நீங்கள் எல்லோரும் அவரிடம் பழகிய கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள்.

அப்பா பாவம்டி. ஒன்றரை வருஷமாக நீ பிரெஞ்சு டியூஷனுக்குப் போகிறாய் என்று நம்பினார். யாராவது வீட்டுக்கு வந்தால், "அமுதா, ரெண்டு வார்த்த பிரெஞ்சுல பேசிக் காட்டும்மா" என்பார். நீயும் கூசாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரெஞ்சில் எண்ணுவாய். எதிராளியைக் கீழே அமுக்கிப் பிடிக்கும்போது மாஸ்டர் எண்ணுகிற எண்ணிக்கை அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் பூரித்துப்போகும். நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மாஸ்டர் சொல்தா வீட்டுப் பிள்ளை; அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இவரோ மெக்சிகோ வரைக்கும் போய் அந்த ஊர் மல்யுத்தத்தைக் கற்றுக்கொண்டு வந்தார். முகமூடி போட்டு ஆடுகிறவரின் முகத்தைக் கூட்டம் பார்க்கக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் சட்டம். உன்னை இழுத்ததே அந்தச் சட்டம்தான். "மூஞ்சியே தெரியாதுக்கா. அப்பாவுக்கு எப்டி தெரியும்?" என்று கண்ணை உருட்டினாய்.

ரவிக்கை தைத்து மிஞ்சிய சிவப்புத் துணியில் நான்தான் முகமூடி தைத்தேன். சிவப்பு நண்டு என்று பெயரும் வைத்துக்கொண்டாய். "உதட்டு மேல மச்சம் இருக்குது, அது காட்டிக் குடுத்துடும். வாயையும் மூடித் தச்சுடுக்கா" என்றாய். தைத்தேன். வாயைத் திறந்துவிடச் சொல்லி மாஸ்டர் திட்டியபோது, அடுத்த ஆட்டத்துக்குள் மாற்றிவிடுகிறேன் என்று அவரை ஏமாற்றினாய். அதைக் கேட்டும் நான் சும்மா இருந்தேன். ஏன் அமுதா, நமக்கு அப்படி என்ன துணிச்சல்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாரும் இழுத்து அவிழ்க்கக் கூடாது என்று முகமூடியின் பின்பக்கக் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டு அனுப்பினேன். நீ மேடையைச் சுற்றிக் கட்டிய மேல் கயிற்றில் ஏறிப் பாய்ந்தாய், தலைகுப்புற விழுந்தாய், எழுந்திருக்கவில்லை. அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்து "நண்டு, நண்டு" என்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாஸ்டர் ஓடிவந்து மண்டியிட்டு முடிச்சில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் எதிர்வீட்டு மாமா என் கண்ணில் பட்டார். பேரனோடு வந்திருந்தார். அவ்வளவுதான், எழுந்து கத்திவிட்டேன். "அவுக்காதீங்க மாஸ்டர்! உள்ள தூக்கிட்டுப் போயி அவுருங்க!"

நான் உன் அக்கா என்று அவருக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார், கையை எடுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போனோம். என் முடிச்சு என் கைக்கே அவிழவில்லை. கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வெட்டியபோது உள்ளே எல்லாம் வாந்தி. அது மூச்சில் ஏறிவிட்டது என்றார் டாக்டர். "கொஞ்சம் முன்னாடியே எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் கத்தியதை மாஸ்டர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள், ஸ்டேஷனில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாராம். என் மேல் இரக்கமா, முகத்தைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்ற அவருடைய சட்டம் எனக்கும் சேர்த்தா?

போன வாரம், ஆஸ்பத்திரியில் உன் துணிமணிகளைப் போட்டுக் கொடுத்த கவரை அப்பா பிரித்தார். முகமூடியைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் விரித்தார்.

"நீதான் தைக்கிறவளாச்சே. எந்தக் கடத் தையல்னு பாத்து சொல்லும்மா. வாய மூடித் தச்சிருக்கான் பாரு. அவனையும் சேத்து இழுக்கணும்."

வெட்டிய கயிற்றில் என் முடிச்சு அப்படியே இருந்தது.

"தெரியலப்பா" என்றேன்.

அன்றிலிருந்து அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ரெட்டியார்பாளையத்தில் இருக்கிற தையல் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறார். மத்தியானம் வியர்த்துப்போய் வந்து, "இன்னைக்கும் யாரும் ஒத்துக்கல" என்று என்னிடம்தான் சொல்கிறார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

அமுதா, அந்தச் சிவப்புத் துணியில் ஒரு முழம் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை அவர் பையை எடுப்பதற்கு முன்னால் அதை அவர் கையில் கொடுப்பேன். தைத்ததையும் சொல்வேன், கத்தியதையும் சொல்வேன். பிறகு அவரோடு ஸ்டேஷனுக்குப் போய் மாஸ்டர் எதிரிலேயே இன்னொரு முறை சொல்வேன். நீ எனக்கு மகளே இல்லை என்று அப்பா சொன்னாலும் சொல்லட்டும். இனி அவர் ஒரு கடைப்படியும் ஏற மாட்டார். இது உன் மேல் சத்தியம்.

முடிச்சுப் போட்டு அனுப்பிய
உன் அக்கா,
வசந்தி