நம்ம பச்சை

ஜூன் 3, 2014. விழுப்புரம்
விக்கிரவாண்டி டோல்கேட்டிலேயே தூங்கிவிட்டேன். வேலைக்கு இறங்க வேண்டிய திண்டிவனத்தில் கண்டக்டர் எழுப்பினார்.
ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் புது மென்பொருள். பார்வையில்லாத என் காதில் திரை வாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறது. எது எதற்கு என்று அதற்கும் தெரியவில்லை. பக்கத்து இருக்கை சங்கவி எட்டிப் பார்த்துப் படித்துச் சொல்கிறாள். தன் வேலையையும் பார்த்துக்கொண்டு.

ஜூன் 5
மேலாளர் கிருஷ்ணசாமி கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் தனியாகப் பதிவு போட வராவிட்டால் டெலிபோன் மேசை. "ஒங்களுக்கும் அதாம்மா சௌகரியம்."
எம்.ஏ. படித்தது ஹலோ சொல்லவா?

ஜூன் 8, ஞாயிறு
சர்ச் பூசைக்குப் போகவில்லை. திரை வாசிப்பானுக்கு நாமே ஸ்கிரிப்ட் எழுதலாம் — இந்தப் பட்டன் வந்தால் இந்தப் பெயரைச் சொல் என்று. வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளிகளைக் காதால் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஓடாது.
ஓடவில்லை.

ஜூன் 13
ஓடவில்லை.

ஜூன் 17
திரையில் இருப்பதை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். சங்கவிக்கு அவளுடைய பெயர்கள்.
"மொதல்ல நம்ம பச்சை. அதான்டி, சேவ் பண்ற பச்சை பட்டன். அப்புறம் பிரிண்டர். அப்புறம் குப்பத்தொட்டி, எல்லாத்தையும் அழிச்சிடும், அத மட்டும் தொடாத."
அப்படியே எழுதினேன். ஓடியது! இயந்திரக் குரல் "நம்ம பச்சை" என்றதும் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு அவள் சிரித்தாள். பெயர் கேட்ட சந்தோஷத்தில் எதையும் அழுத்திப் பார்க்கவில்லை.

ஜூன் 18
"நம்ம பச்சை" என்றதை அழுத்தினேன். பதிவு அழிந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த நிறைமாதக்காரி, செண்பகம்.
"மறுபடியும் மொதல்லேர்ந்தாம்மா?" கோபம்கூட இல்லை அவள் குரலில்.
டெலிபோன் மேசையைத் துடைத்து வைக்கச் சொல்லும் கிருஷ்ணசாமியின் குரல் கேட்டது.

ஜூன் 19
பஸ்ஸில், கூட்டேரிப்பட்டு தாண்டும்போது புரிந்தது. சங்கவி தன் கண் ஓடிய வரிசையில் சொன்னாள். என்னைப் பட்டன் பட்டனாக நகர்த்தும் டேப் விசை போகிற வரிசை வேறு; அவளுடைய பச்சை எனக்குக் குப்பைத்தொட்டி. ஒரே திரையில் இரண்டு பேரும் வேறு வேறு வழியில் நடந்திருக்கிறோம்.

ஜூன் 23
நான் டேப் தட்டினேன். பட்டனைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று வருமாம். அது நிற்கிற இடத்தைச் சங்கவி சொன்னாள். ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே மறைவாக ஓர் எண் இருக்கிறது. வரிசையை விட்டுவிட்டு எண்ணுக்குப் பெயர் கட்டினேன். இந்த முறை அழுத்தியும் பார்த்தோம்.
"இத மொதல்லயே கேட்டிருக்கலாமில்ல, படிச்ச கழுதை."

ஜூன் 30
கிருஷ்ணசாமி பின்னால் நின்றார். ஸ்பீக்கரில் வைத்தேன். தனியாகவே பதிவு போட்டேன்.
"அது என்னம்மா நம்ம பச்சை? ஒழுங்கா 'சேமி'ன்னு மாத்துங்க." பிறகு, டெலிபோனுக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.
சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

ஜூலை 4
சங்கவியை மாடிக்கு, பில்லிங்குக்கு மாற்றிவிட்டார்கள். கீழே இனி அவள் தேவையில்லையாம். அதை நான்தானே நிரூபித்தேன்?
பக்கத்து நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். யாருடைய பையோ.
இன்று யாரும் எனக்கு எதையும் படித்துச் சொல்லவில்லை. நாள் முழுக்க இயந்திரக் குரல் — நம்ம பச்சை, நம்ம பச்சை.
பெயரை மாற்றவில்லை.