வீட்டுப் பட்டியலில் ஒரு றப்பர் போட்

1998 பெப்ரவரி 9, திங்கள்

பிரஷர் நூற்றெழுபது. கிழமையில் ஒரு நாளாவது ஒருவரும் கேள்வி கேட்காத இடத்தில் சும்மா இருக்க வேண்டுமாம். டொக்டர் சொல்கிறார். வெள்ளவத்தையில் அப்படி ஓர் இடம் இருந்தால் அவரே கிளினிக்கைப் பூட்டிவிட்டு அங்கே போயிருப்பார். இன்று என் கடைக்குப் போகும்போது இரண்டு சோதனைச் சாவடியில் ஐ.சி., அதுதான் அடையாள அட்டை, காட்டினேன். சாப்பாட்டுக்குத் திரும்பும்போது அதே ஆட்களுக்கு அதே ஐ.சி. நாலு மணித்தியாலத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேனோ?

பெப்ரவரி 13, வெள்ளி

புறக்கோட்டை மொத்த வியாபாரி அலவியிடம் கடைக்குக் காற்று மெத்தை பன்னிரண்டு பெட்டி எடுத்தேன். துறைமுக ஏலத்தில் அவருக்கு விழுந்த சரக்கு. பதினொன்றில் மெத்தை. பன்னிரண்டாவதில் றப்பர் போட், காற்றடித்து மிதக்கவிடும் படகு. இரண்டு நீளக் குழாய். நடுவில் ஓராள் இருந்து தூண்டில் போடலாம். நிறம், வேறென்ன, ஆமிப் பச்சை. ரெலிபோனில் சத்தம் போட்டேன். "காத்தடிச்சா எல்லாம் மெத்தைதான் மொதலாளி" என்றார்.

திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். பெட்டிக்குள் ஒரு படம். குளத்தின் நடுவில் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் சும்மா இருக்கிறான். சுற்றிவரத் தண்ணீர். ஒரு சீருடை இல்லை.

திருப்பிக் கொடுக்கவில்லை.

பெப்ரவரி 15, ஞாயிறு

மனைவி கௌரி கண்டுவிட்டாள்.

"தமிழன்ர வீட்டில றப்பர் போட். உங்களுக்கு மறியலுக்குப் போக வேற வழி தெரியேல்லையோ?"

கடற்புலிப் போட் என்று சிறையில் போட்டுவிடுவார்களாம். அவளுடைய பயம் எனக்காக இல்லை, தம்பிக்காக. நாகேந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லண்டன் விசாவுக்காக ஐந்து மாதமாக எங்களோடு இருக்கிறான். பொலிசார் இரண்டு தரம் பிடித்துக்கொண்டுபோய்ப் பிறகு விட்டார்கள். மூன்றாம் தரம் பிடித்தால் சுலபமாக விடமாட்டோம் என்று இன்ஸ்பெக்டரே சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து மூன்று மாதமாகப் படி இறங்குவதில்லை. ஜன்னலுக்குக்கூட ஓரடி பின்னால்தான் நிற்பான். இருபத்தெட்டு வயது.

பெப்ரவரி 18, புதன்

வீட்டில் இருப்போர் பட்டியல் பொலிசுக்குக் கொடுக்கும் நாள். நான் கண்ட வழி இது: அவர்கள் கண்டுபிடித்தால் குற்றம், நானே சொன்னால் தகவல். மூன்று பேருக்குக் கீழே எழுதினேன்.

பெயர்: றப்பர் போட். வயது: புதிது. கொழும்பில் தங்கியிருக்கும் காரணம்: மீன்பிடி. எஞ்சின்: இல்லை.

முப்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு மூளையை நான் பாவித்ததில்லை.

பெப்ரவரி 19, வியாழன்

காலை இரண்டு கொன்ஸ்தபிள். மாலை மூன்று. போட்டைப் பார்க்க வேண்டுமாம். முப்பது வருட மூளை!

மார்ச் 1, ஞாயிறு

ஒவ்வொரு சோதனையிலும் முதலில் கேட்பது போட்டைத்தான். அது கட்டிலுக்குக் கீழ், சொன்ன இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. எங்களைவிட நல்ல பிரஜை.

நடுச்சட்டம் பெட்டியில் வரவில்லை. கிருலப்பனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தங்கையா அலுமினியக் குழாயில் இரண்டு துண்டாகச் செய்து தந்தார். இருக்கைக்குக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரை, கால் நாலையும் அறுத்து. தூண்டில் நிறுத்தப் பி.வி.சி. குழாய். நங்கூரத்துக்கு, புறக்கோட்டை நடைபாதையில் வெங்காயம் விற்ற காலத்து ஐந்து இறாத்தல் தராசுப் படிக்கல். அன்று என்னைத் தூக்கி நிறுத்திய கல், இனி என்னைத் தண்ணீரில் நிறுத்தட்டும்.

நட் முடுக்குவதெல்லாம் நாகேந்திரம். வேலையில்லாத இஞ்சினியருக்கு ஹோலில் ஒரு கப்பற்துறை. இன்று வால்வில் காற்றுப் போகிறதா என்று சவர்க்கார நுரை பூசிப் பார்க்கும்போது சீட்டியடித்தான். கௌரி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

பொல்கொட ஏரிக்குப் போட்டைக் கொண்டுபோக அனுமதி வேண்டும். நிலையத்துக்கு நாலாம் முறை போனேன். இன்ஸ்பெக்டர் ஒருவாறு கடிதம் தந்தார். சிங்களத்தில், முத்திரையோடு: இந்தப் போட் இந்த நிலையத்துக்குத் தெரிந்தது, எஞ்சின் அற்றது, உரிமையாளர் வெள்ளவத்தை வர்த்தகர் சிவபாதசுந்தரம்.

இந்த ஊருக்கு வந்து முப்பது வருடம். என்னைத் தெரியும் என்று இதுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்றுதான். தங்கையாவின் வான் வண்டியில் காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். மீன்பிடிக்கென்று வாங்கிய புதுக் கோட்டுக்கு ஒன்பது பொக்கெற். மொறட்டுவைக்குக் கிட்டச் சாவடியில் மறித்தார்கள். தங்கையா ஐ.சி. காட்டினார். நான் ஒன்பது பொக்கெற்றிலும் தேடினேன். தூண்டில் முள், தொங்குகல், பிளாஸ்ரர், இருமல் இனிப்பு. ஐ.சி. மட்டும் கடைக்குப் போடும் சட்டையில்.

"மொதலாளி, நல்லாத் தேடுங்க" என்றார் தங்கையா, மெதுவாக.

வாங்குப் பலகையில் இருத்தினார்கள். தலைக்குள் அடிக்கத் தொடங்கிவிட்டது. கையில் இருந்தது போட்டின் கடிதம் ஒன்றுதான். நீட்டினேன். சார்ஜன்ட் இரண்டு தரம் வாசித்தார். போட் சரி, நீதான் அதன் சொந்தக்காரன் என்று எப்படித் தெரியும் என்றார். நியாயமான கேள்வி. போட்டிடம்தான் கேட்க வேண்டும்.

பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: உன்னுடையதென்றால் துண்டு துண்டாக இருப்பதைப் பூட்டிக் காட்டு.

காலி வீதி ஓரத்தில் மிதிபம்பை மிதித்தேன். நாற்பது நிமிடம். பஸ்ஸெல்லாம் மெதுவாகப் போனது, சனம் பார்க்க வேண்டுமே. இடச்சட்டம், வலச்சட்டம், எட்டு நட், கதிரை, தூண்டில் குழாய், கடைசியில் படிக்கல். ஒன்றிலும் பிழையில்லை. ஏறி இரு என்றார். தார் வீதியில் தொப்பியோடு இருந்தேன். அந்த வெள்ளைக்காரன் மாதிரியே. சுற்றிவரச் சீருடை மட்டும் அதிகம்.

சார்ஜன்ட் எங்கள் நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்தார். போட்டை நன்றாகத் தெரியும் என்றார்களாம். என்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. பதினொன்றரைக்கு விட்டார்கள். போட்டின் பிணையில்.

ஏரியில் ஒரு மணித்தியாலம். ஒரு மீனும் இல்லை. ஒரு கேள்வியும் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

நடந்ததைச் சொல்லிச் சிரித்தேன். கௌரி சிரித்தாள். நாகேந்திரம் சிரிக்கவில்லை.

"அத்தான், அந்தக் கடிதத்தில இன்னொரு பேருக்கு இடமிருக்கோ?"

இரவு முழுக்க ஏன் எனக்கு இது படவில்லை? வியாபாரி நானா, அவனா?

ஏப்ரல் 9, வியாழன்

இன்ஸ்பெக்டரிடம் போனேன். போட்டுக்கு இப்போது மூன்று உரிமையாளர் என்றேன்: நான், மனைவி, மைத்துனர். மேசைக் கண்ணாடிக்கு மேல் கடிதத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஒருவர் இருக்கும் போட்டுக்கு மூன்று பேரா?"

"முறை வைத்துப் போவோம் சேர்."

மூன்றாவது பெயரில் விரல் நின்றது. யாரென்று அவருக்குத் தெரியும். இவனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அதனால்தான் கடல் இல்லாமல் ஏரி, சேர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை மையைத் திறந்தார்.

ஏப்ரல் 18, சனி

நாளை ஏரிக்கு என் முறையாம். கௌரி பகிடி பண்ணுகிறாள். போட் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

நாகேந்திரத்துக்கு மீன் வாடையே ஆகாது. காலையில் கடிதத்தின் கொப்பியை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தனியாகப் போய்ப் பேக்கரியில் பாண் வாங்கி வந்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

பாண் நசிந்திருந்தது. வழி முழுக்க இறுக்கிப் பிடித்திருக்கிறான். சாப்பிட்டோம்.