சீரகம் வாங்கிய மோட்டார்

சாலவாக்கம்,
9.2.2025, ஞாயிறு.

அன்புள்ள வளர்மதிக்கு,

பஞ்சாட்சரம் எழுதிக்கொள்வது. நானும் இரண்டு மாடுகளும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் நம் மகள் கீர்த்தியும் மாப்பிள்ளையும், இன்னும் நான் கண்ணால் பார்க்காத என் பேத்தியும் அப்படியே இருக்க அம்மன் துணை நிற்கட்டும். ஓசூரில் குளிர் அதிகம் என்கிறார்கள். குழந்தைக்குக் காதை மூடி வை.

போன் இருக்கும்போது இந்த ஆள் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நான் எப்போது கூப்பிட்டாலும் சரியாக அந்த நேரம் பார்த்துக் குழந்தை அழுகிறது என்று நீ வைத்துவிடுகிறாய். நாலரை மாதமாக ஒரு குழந்தை என் போனுக்கு மட்டும் அழுகிறது என்றால் அதற்கு உன் குணம்தான் வந்திருக்கிறது. கடிதம் என்றால் குழந்தை தூங்கும்போது படிக்கலாம். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு மறுநாள் படிக்கலாம்.

சம்பா அறுப்பு முடிந்தது. மிஷின்காரன் வந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டான். ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை கண்டது, போன வருஷத்தைவிட நாலு அதிகம். கொள்முதல் நிலையத்தில் மூன்று நாள் காத்துக் கிடந்தேன். சமையல் நானேதான். குழம்பு என்று ஒன்று வைக்கிறேன், அதை நாய்க்கு ஊற்றினேன், அது என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. உன் அருமை நாய்க்குக்கூடத் தெரிகிறது.

கேஸ் ஜெயித்துவிட்டது என்று கீர்த்தியிடம் ஒரு வரி சொன்னேன். நடுவரின் தீர்ப்பு வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. எப்படி ஜெயித்தது என்று அவளிடம் சொல்லவில்லை. அதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். உனக்கு எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் பிடிக்கும், அப்படியே சொல்கிறேன்.

நீ புறப்படும்போது நம்மிடம் இருந்தது அந்த புரோக்கர் கம்பெனியின் கடிதம் ஒன்றுதான். ஆவணியில் தபால்காரர் உன் கையில் கொடுத்தாரே, அது. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பதினோரு தடவை நான் முன்பேரச் சந்தையில் சீரகம் வாங்கினேனாம். நான் கட்டியிருந்த கடலைப் பணம் முழுதும் நஷ்டத்தில் போய்விட்டதாம். போதாமல் இன்னும் கட்ட வேண்டுமாம், கட்டாவிட்டால் நிலத்தின் மேல் வழக்குப் போடுவார்களாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஆபீஸ் போட்டிருந்த அவர்கள் ஏஜெண்டு மோகன்குமாரிடம் நான் கணக்கு ஆரம்பித்தது கடலைக்காக. அறுப்புக்கு மூன்று மாதம் முன்னாலேயே விலை பேசி வைத்துக்கொண்டால் அப்புறம் விலை விழுந்தாலும் பயமில்லை என்றான். அந்தப் பேச்சில் தப்பு இல்லை. ஆனால் சீரகம்! ரசத்தில் மிதக்கும்போது பார்த்ததுதான். அதை டன் கணக்கில் வாங்கி நான் என்ன செய்ய, உத்திரமேரூர் ஏரியில் கொட்டி ரசம் வைக்கவா?

காஞ்சிபுரத்தில் ஏஞ்சல் என்று ஒரு வக்கீல் பெண் கிடைத்தாள். கீர்த்தியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால், இந்த மாதிரித் தகராறுக்கென்று அந்த முன்பேரச் சந்தையே வைத்திருக்கும் நடுவரிடம் போகலாம் என்று சொல்லி மனு எழுதினாள். கம்பெனியிடமிருந்து ஒரு கட்டுக் காகிதம் வந்தது. சீரகம் வாங்கியபோது சென்னை ஆபீசிலிருந்து என் நம்பருக்குப் போன் செய்தார்களாம். நான் எடுத்தேனாம், சம்மதம் சொன்னேனாம். தேதி, மணி, எத்தனை விநாடி பேசினேன் என்பதுவரை போட்டிருந்தான். ஏஞ்சலுக்கே முகம் சுருங்கிவிட்டது. இந்த நம்பர் உங்களுடையதுதானே என்று கேட்டாள். நான் பார்த்துவிட்டு, "எங்களுதுதாம்மா, ஆனா அது கெணத்தாண்ட கீது" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

உனக்குப் புரிந்திருக்கும். வேதகிரி மகன் சாம்சன் நம் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்துக் கொடுத்தானே, அதில் போட்டிருக்கும் சிம் கார்டின் நம்பர் அது. யார் போன் செய்தாலும் ஓட வேண்டும் என்று நான்தான் கேட்டு வைத்தேன். போன் வந்தால் பெட்டியே எடுத்து, மோட்டாரை ஓட்டிவிட்டு, மோட்டார் இயங்குகிறது என்று ஒரு பெண் குரலில் சொல்லும். மோகன்குமார் கணக்கு ஆரம்பிக்கிற பாரம் எழுதும்போது போன் நம்பர் சொல்லுங்க என்றான். என் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நானே எப்போதாவது போன் செய்திருக்கிறேனா? தினம் நாலு தடவை அடிக்கிற நம்பர்தான் வாயில் வந்தது. அதையே சொன்னேன்.

அப்புறம் என்ன, அவர்கள் அனுப்பிய மெசேஜ் எல்லாம் கிணற்றுக்கே போயிருக்கிறது. போனையும் மோட்டாரே எடுத்திருக்கிறது. மோகன்குமார் தன் கமிஷனுக்காக என் பெயரில் வாங்கித் தள்ளியிருக்கிறான். சென்னையில் இருப்பவர்கள் எதிர்முனையில் போனை எடுத்தார்களா என்று மட்டும் பார்த்து, சம்மதம் என்று டிக் போட்டுவிட்டார்கள். போன கோடையில் மோட்டார் தானாக ஓடியதே, நீ காற்று கருப்பு என்று சொல்லி கிணற்றடியில் எலுமிச்சம்பழம் கட்டினாயே, அது எல்லாம் சீரகம் வாங்கிய நாட்கள். எலுமிச்சம்பழத்துக்கு அப்புறமும் அது நாலு தடவை வாங்கியிருக்கிறது.

இதை ஏஞ்சலிடம் சொன்னதும் அவள் கேட்டாள், மோட்டார் ஓடிய தேதிகளுக்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று. உடனே வேதகிரி ஞாபகம் வந்தது. தண்ணீர் வழிந்து அவன் குத்தகைக் கொல்லையில் கத்தரி அழுகிப்போய் நம்மோடு பேச்சை நிறுத்திவிட்டான் அல்லவா? பஞ்சாயத்தில் வைப்பதற்காக ஒவ்வொரு தடவையும் உரக்கடை காலண்டரில் "பஞ்சாட்சரம் தண்ணி" என்று எழுதி வருவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு எதிராக எழுதிய காலண்டரை எனக்காகக் கொடு என்று போய்க் கேட்க வேண்டும். பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு பெண் கேட்கப் போகிறவனைப் போல அவன் வாசலில் நின்றேன்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். முதலில் கத்தரிச் செடிகளின் கதை முழுதும் மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் நான் விஷயத்தைச் சொன்னேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், வளர்மதி. "இன்னாணா, என் கத்திரிக்காய கொன்னது சீரகமா!" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தான். காலண்டரை மட்டும் கொடுக்கமாட்டானாம். "நான் எழுதனத நான்தான் படிப்பேன், நானும் மெட்ராஸ் வரேன்" என்று சொல்லிவிட்டான். ஒன்பது மாதப் பகை ஒரு டீயில் முடிந்தது. கத்தரிக்கு நஷ்ட ஈடு தனி, அதை நான் கொடுக்கத்தான் வேண்டும் என்பதையும் அதே டீயில் சொல்லிவிட்டான்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி விசாரணை. சென்னையில் மூன்றாவது மாடி, ஏசி ரூம். வேதகிரி காலண்டரைச் சுருட்டிக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தான். நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா. கம்பெனி வக்கீல் அரைமணி நேரம் பேசினார். வாடிக்கையாளர் ஒவ்வொரு போனையும் தானே எடுத்தார், நாற்பது விநாடி பேசினார், இப்போது நஷ்டம் வந்ததும் மறுக்கிறார் என்றார். பேசியதற்குப் பதிவு எங்கே என்று அந்த அம்மா கேட்டதற்கு, கம்ப்யூட்டர் மாற்றும்போது போய்விட்டது என்றார். ஏஞ்சல் எழுந்து, அந்த நம்பருக்கு இங்கிருந்தே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம் அம்மா என்றாள். ஸ்பீக்கரில் போட்டார்கள். இரண்டு தடவை மணி அடித்தது.

"வணக்கம். மோட்டார் இயங்குகிறது. நிறுத்துவதற்கு எண் மூன்றை அழுத்தவும்."

வேதகிரிதான் அலறிக்கொண்டு எழுந்தான். "ஐயோ, மூணு அமுக்குங்கமா, தண்ணி என் கொல்லிக்கி பூடும்!" அந்த அம்மா மூன்றை அழுத்திவிட்டுத்தான் சிரித்தார்கள். கம்பெனி வக்கீலே கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவரோடு வந்திருந்த மோகன்குமார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதோடு முடித்திருந்தால் இந்தக் கடிதத்தை நான் இனிப்போடு கொரியரில் அனுப்பியிருப்பேன். இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

காலண்டரையும் கம்பெனிக் காகிதத்தையும் பக்கத்தில் வைத்து அந்த அம்மா ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தார்கள். பத்து தேதி சரியாக இருந்தது. பதினொன்றில் முதலாவதாக இருக்கும் மார்ச் பதினாலுக்கு மட்டும் காலண்டரில் தண்ணி இல்லை. போன் பட்டியலிலும் அந்தத் தேதிக்குப் போன் இல்லை, ஏஜெண்டிடம் நேரில் சொன்னார் என்று போட்டிருந்தது. இது ஏன் என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் வேதகிரி முந்திக்கொண்டு, அன்றைக்கு நான் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், எழுதவில்லை என்றான். அவன் எங்கேயும் போகவில்லை. எனக்காகச் சொன்னான். ஏஞ்சல் மேசைக்குக் கீழே என் காலை அழுத்தினாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பதினோரு தடவையில் ஒரு தடவைகூட நீங்கள் வாங்கச் சொல்லவில்லையா?" என்று கேட்டார்கள்.

நீ கேட்ட அதே கேள்வி. அடுப்படியில் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒன்னுகூட நீ சொல்லலியா, நெஞ்ச தொட்டு சொல்லு" என்று கேட்டாயே. நான் நெஞ்சைத் தொடவில்லை. கீர்த்தி வயிற்றில் இருக்கிற பிள்ளை மேல் சத்தியம் என்றேன். நீ அடுப்பை அணைத்தாய். பெட்டியைக் கட்டினாய். பிரசவத்துக்குப் போகிறாய் என்று ஊர் நினைத்துக்கொண்டது. கேஸ் வேலையாக இருப்பதால்தான் நான் பேத்தியைப் பார்க்கப் போகவில்லை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

முதல் தடவை சொன்னது நான்தான், வளர்மதி. மோகன்குமார் ஆபீசில் அவன் வாங்கிக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். சீரகம் எப்படி ஏறுகிறது என்று போனில் காட்டினான். ஒரே வாரத்தில் கீர்த்தி வளைகாப்புச் செலவு வந்துவிடும் என்றான். சரி வாங்கு என்று என் வாயால் சொன்னேன். நாலே நாளில் விழுந்துவிட்டது. மற்ற பத்தும் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. இதற்குமேல் சத்தியம் என்ற வார்த்தையை நான் எழுதக்கூடாது, அடித்துவிடுகிறேன். மற்ற பத்தும் எனக்குத் தெரியாது.

அந்த அறையில் எழுந்து நின்று, முதலாவது என்னுடையது அம்மா, அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். மோகன்குமார் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். கம்பெனி வக்கீல் குதித்தார், ஒன்றைச் சொன்னவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார் என்று. அந்த அம்மா அவரை உட்காரச் சொன்னார்கள். தீர்ப்பில் பத்தையும் தள்ளிவிட்டு, நிலத்தின் பக்கம் வரக்கூடாது என்றும், முதல் நஷ்டத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். தானே முன்வந்து சொன்னார் என்று என்னைப் பற்றி ஒரு வரியும் இருக்கிறது. ஏஞ்சல் அதைப் படித்துக் காட்டிப் பெருமைப்பட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சொல்ல முடிந்ததை முப்பத்தோரு வருஷம் எனக்குச் சோறு போட்ட உன்னிடம் சொல்ல முடியவில்லை.

பணம் போனதற்காக நீ போகவில்லை, அந்தச் சத்தியத்துக்காகத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கீர்த்தி சொன்ன இரண்டு நாளும் நான் சாப்பிடவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வேதகிரிக்கு மட்டும் தெரியும், அவன்தான் இரண்டாம் நாள் கஞ்சி கொண்டுவந்தான்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் பஸ் ஏறி வருகிறேன். மத்தியானம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். வீட்டுக்கு நானாக வரமாட்டேன். மாப்பிள்ளையை அனுப்ப வேண்டாம், குழந்தையையும் வெயிலில் தூக்கி வர வேண்டாம். நீ மட்டும் வா. எனக்கு என்ன சொல்ல வேண்டுமோ சொல். அந்தக் குழந்தையை நான் தூக்கலாமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் கொண்டுவருகிற நெய்யையும் பச்சரிசியையும் உன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளமாட்டேன்.

நான் சொன்ன பொய் என்னோடு போகட்டும். அவள் நூறு வயது நோய் நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்,
பஞ்சாட்சரம்.